பழைய மோட்டார் வண்டியும் நீட்டிப்பு உத்தரவாதமும்

பிறர் கையிற் பழகிய பொருளை வாங்குவோன் அதன் விலையைக் கொடுத்துப் பொருளோடு ஓர் அச்சத்தையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறான். பழைய மோட்டார் வண்டியில் அவ்வச்சம் மிகப் பெரிது. அதனைத் தீர்க்கும் மருந்தென இக்காலத்து அங்காடியில் விற்கப்படுவது நீட்டிப்பு உத்தரவாதம் ஆகும். 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' என விற்போர் நாவில் வழங்குவதும் இதுவே. வண்டியின் விலைக்குமேல் தனியே ஒரு தொகை செலுத்தினால், குறித்த காலத்துக்குள் அல்லது குறித்த கிலோமீட்டர் ஓட்டத்துக்குள் குறித்த உறுப்புகள் பழுதுறின், அவற்றைச் செலவின்றிச் செப்பனிட்டுத் தருவோம் என்பதே அதன் சாரம். அதனை வாங்குதல் தகுமா, தகாதா என ஈண்டு ஆராயப் புகுவாம்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். நம்முட் பலருடைய இல்லங்களில் முதன்முதல் வந்து நிற்கும் கார் பழைய காரே. பல்லாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக்கொண்டு பெற்றோர் அதனை வாங்குகின்றனர். அந்நாளில் விற்பவர் நீட்டும் ஆங்கிலத் தாளைப் படித்துப் பொருள் கூறும் பொறுப்புக் கல்லூரி சென்ற பிள்ளையின்மேலேயே விழுகிறது. "கையெழுத்துப் போடலாமா?" எனத் தந்தையார் கேட்குங்கால், விடையிறுக்கவேண்டியவர் நாமே. ஆதலின் இவ்வாராய்ச்சி நமக்குப் புறம்பானதன்று.

முதற்கண் விற்போர்க்கும் வாங்குவோர்க்கும் இடையேயுள்ள நிலையை நோக்குவோம். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைக் கொள்ளுதலிலும் கொடுத்தலிலும் நடுவுநிலை பிறழாதவர் எனப் போற்றுகிறது. அத்தகையார் இக்காலத்தும் உளர். ஆயினும் அவரை அடையாளங் காணுதல் எளிதன்று. பழைய வண்டியின் குறைகளை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். இவ்வேற்றுமையால் விளையும் கேட்டை ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970-இல் வெளியிட்ட ஆய்வுரையில் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட காட்டும் பழைய காரே. நம் நாட்டிற் புதுவண்டியின் சக்கரத்தின்கீழ் எலுமிச்சங்கனி வைத்து நசுக்கி ஓட்டுவோர் பலர். அமெரிக்கரோ பழுது மலிந்த வண்டியையே 'எலுமிச்சை' என்பர். நல்ல வண்டியையும் எலுமிச்சையையும் பிரித்தறிய மாட்டாதார் இரண்டிற்கும் இடைப்பட்ட விலையே கொடுக்க இசைவர். அவ்விலைக்கு நல்ல வண்டியுடையார் விற்க விரும்பார். ஆகவே அங்காடியில் எலுமிச்சையே மிகும் என்பது அவர் கருத்து. மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் என்பாரோடு அவர் 2001-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றார். உத்தரவாதம் இந்நோயைத் தணிக்கும் வழிகளுள் ஒன்று என்பதையும் அவர் அவ்வுரையிற் குறித்துள்ளார்.

எவ்வகை உத்தரவாதம் என்பதே ஈண்டு நுணுகி நோக்கற்பாலது. விற்பவர் தம் சரக்கில் நம்பிக்கை வைத்துத் தம் செலவிலேயே, "மூன்று திங்களுக்குள் என்ஜின் பழுதுற்றால் நானே செப்பனிடுவேன்" என எழுதிக் கொடுப்பாராயின், இழப்பு அவரையே சாரும். ஆகவே எலுமிச்சையை விற்பவர் அவ்வாறு எழுதத் தயங்குவர். எழுதிக் கொடுத்தல் வண்டியின் நன்மைக்கு ஒரு சான்றாகும். நீட்டிப்பு உத்தரவாதமோ நம் பணத்தால் நாமே வாங்குவது. பலவிடங்களில் அதனை அளிப்பவர் விற்பவரல்லாத மூன்றாமவர். விற்பவர்க்கு அதில் தரகு கிடைத்தலும் உண்டு. ஆதலின் அத்தாள் வண்டியின் நலத்தைப்பற்றி நமக்கு ஒன்றும் அறிவிப்பதில்லை. முன்னது சான்று, பின்னது சரக்கு. இரண்டையும் ஒன்றென மயங்கி, "வாரண்டி கொடுக்கிறார்கள், ஆதலின் வண்டி நல்லதாகத்தான் இருக்கும்" எனக் கருதுவோர் பலர்.

இனி அச்சரக்கின் உள்ளீட்டைக் காண்போம். இத்தகைய ஒப்பந்தங்களில் 'தேய்மானம்' என்னும் ஒரு சொல்லால் கிளச் பிளேட், பிரேக் பேட், டயர், பாட்டரி, பெல்ட், ரப்பர் புஷ், வைப்பர் முதலியன பெரும்பாலும் விலக்கப்படுகின்றன. ஐந்தாறு ஆண்டு ஓடிய வண்டியில் முதலிற் கைவிடுவன இவையே. என்ஜின், கியர் பாக்ஸ் போன்ற பேருறுப்புகளே எஞ்சுகின்றன. அவற்றிற்கும் நிபந்தனைகள் பல. குறித்த காலந்தோறும் ஆயில் மாற்றியமைக்குப் பில் காட்டவேண்டும், ஒப்புக்கொண்ட பணிமனையிலேயே வேலை நடந்திருக்கவேண்டும், வெளியிற் செய்த மின்கம்பி வேலையோ எரிவாயுக் கலனோ இருத்தலாகாது, வெள்ளம் புகுந்திருத்தலாகாது, வாங்குமுன்னரே இருந்த குறையாகவும் இருத்தலாகாது. கடைசி நிபந்தனை பழைய வண்டிக்கு மிகக் கொடியது. வாங்கிய இரண்டாந் திங்களில் வெளிப்படும் குறை முன்னரே தோன்றியதா, பின்னர்த் தோன்றியதா எனத் தீர்மானிப்பவர் பணம் கொடுக்கவேண்டிய அவரேயன்றோ?

இது வெறுங் கற்பனையன்று. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியராய் உள்ள என் தாய்மாமன், டயாலிசிஸ் மருத்துவத்திற்காக என் அத்தையை வாரந்தோறும் இருமுறை பாளையங்கோட்டைக்கு அழைத்துச் செல்லும்பொருட்டு ஒரு பழைய கார் வாங்கினார். வண்டி வழியில் நின்றால் உயிருக்கே இடர் என்றஞ்சி, விற்பவர் கூறியவாறே நீட்டிப்பு உத்தரவாதமும் வாங்கினார். ஐந்தாம் திங்களில் கியர் பாக்ஸ் பழுதுற்றது. முதல் உடையவர் ஓராண்டுக்காலம் வண்டியைத் தெருமுனைப் பணிமனையிற் பார்த்துக்கொண்டதற்குப் பில் இல்லை எனக் காட்டி, உத்தரவாதம் அளித்தவர் தொகை தர மறுத்தனர். அத்தையின் வளையல்கள் இரண்டு அடகுக்கடைக்குச் சென்றன. தாம் செய்யாத குற்றத்துக்கு, தமக்கு முன்னிருந்தவர் வைத்திராத சீட்டுக்கு, மாமா பணம் இறுத்தார். அத்தாளின் எட்டாம் பக்கத்தில் அந்நிபந்தனை நுண்ணிய எழுத்தில் இருந்தது உண்மையே.

கணக்கையும் சிறிது நோக்குவோம். காரின் விலை 4 இலட்சம் ரூபாய் என்றும், ஓராண்டு உத்தரவாதத்தின் விலை 15,000 ரூபாய் என்றும், அது தாங்கும் பெரும்பழுது ஒன்றன் செலவு 60,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு வண்டிக்கு ஒன்று ஓராண்டில் அத்தகைய பழுது உற்றாலன்றி, கொடுத்த தொகையும் பெறும் பயனும் சமமாகா. அங்ஙனம் நான்கிற்கு ஒன்று பழுதுறுமாயின் அளிப்பவர் பெற்றதெல்லாம் கொடுத்துக் கடையை மூடவேண்டியதே. அவர்தம் ஊதியம், தரகு, நூற்றுக்கு 18 வீதம் செலுத்தும் சரக்கு சேவை வரி ஆகிய யாவும் அந்த 15,000 ரூபாய்க்குள்ளேயே அடங்கும். எனவே பழுது அதனினும் மிக அரிது என்னும் கணக்கின்மேலேயே அவ்விலை வகுக்கப்படுகிறது. அத்தொகையை நாமே வங்கியில் தனிக்கணக்கில் ஆண்டுதோறும் இட்டுவைப்போமாயின், மூன்றாண்டில் 45,000 ரூபாயும் வட்டியும் நம் கையில் நிற்கும். அது கிளச் பிளேட்டுக்கும் உதவும், டயருக்கும் உதவும், பில் கேட்டு நம்மை அலைக்கழியாது.

"அங்ஙனமாயின் காப்பீடு முழுவதும் வீணோ?" என்பார் உளர். அன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாமவர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. அது பெரிதும் நன்றே. நம் வண்டியால் ஓருயிர் போமாயின் கொடுக்கவேண்டிய இழப்பீடு பல இலட்சம். அதனைத் தாங்கவல்ல குடும்பம் அரிது. தாங்கவொண்ணாத இழப்புக்குக் காப்புத் தேடுதல் அறிவுடைமை. தாங்கத்தக்க இழப்புக்கும் பிறர்க்குப் பணங் கொடுத்துக் காப்புத் தேடுதல் வீண்செலவு.

"எங்கள் வீட்டுக்கு அந்த 60,000 ரூபாயும் தாங்கவொண்ணாததே" என்பாரும் நம்மிடையே பலர். அவர் கூற்று வலியுடையது. அதனை எளிதாகத் தள்ளுதல் தகாது. ஒரே நாளில் அத்தொகை வேண்டுமாயின் வட்டிக்கடையை நாடுவோர்க்கு வங்கிக்கணக்கு நிறையும்வரை காத்திருத்தல் இயலாது. அவர்க்கு யாம் கூறுவன இரண்டு. கையிலுள்ள 4 இலட்சத்தையும் வண்டிக்கே கொடாது, மூன்றரை இலட்சத்துக்கு எளிய வண்டி வாங்கி, 50,000 ரூபாயைப் பழுதுக்கென ஒதுக்குதல் முதலாவது. அஃதியலாதாயின் உத்தரவாதம் வாங்குக. ஆனால் மூன்று பொருந்தின் மட்டும் வாங்குக. வண்டியைச் செய்த நிறுவனமே அதனை அளிக்கவேண்டும். முதல்நாள் தொட்டுச் செய்த பராமரிப்புக்கெல்லாம் சீட்டுகள் நம் கைக்கு வரவேண்டும். தானியங்கிக் கியர் பாக்ஸ், டர்போ போன்ற விலையுயர்ந்த உறுப்புகள் வண்டியில் இருந்து, அவை ஒப்பந்தத்திற் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டிருக்கவேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் அத்தாளால் உறுபயன் சிறிதே.

பழைய வண்டிக்கு முதல் உத்தரவாதமே எஞ்சியிருத்தலும் கூடும். மாருதி சுசூக்கி நிறுவனம் 2024 ஜூலை முதல் தன் புது வண்டிகட்கு 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் என உத்தரவாதத்தை நீட்டியது. அவ்வாறு விற்ற வண்டியை இரண்டாம் ஆண்டில் நாம் வாங்கின், எஞ்சிய காலத்துக்கு மீண்டும் பணங் கொடுத்தல் ஒரே கூரையை இருமுறை வேய்தல் போலாம். ஆதலின் முதலில் அதனை வினவுக.

உத்தரவாதத்துக்குச் செலவிட எண்ணிய தொகையிற் சிறு பங்கை, விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவர்க்குக் கொடுத்து வண்டியைக் காட்டுதலே தலையாய காப்பு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே அவர் முடுக்கிப் பார்க்கவேண்டும். நீலப் புகை வரின் ஆயில் எரிகிறது என்றும், ஆயில் மூடியின் உட்புறம் பால்போல் வெளிறியிருப்பின் நீர் கலந்திருத்தல் கூடும் என்றும் அவர் கூறுவர். 2015 டிசம்பரிற் சென்னையிலும், 2023 டிசம்பரிற் சென்னை, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளிலும் வெள்ளம் பெருகியதை நாம் அறிவோம். நீர் புகுந்த வண்டியை எத்துணைக் கழுவினும், இருக்கைப் பட்டியை முழுதும் இழுத்துப் பார்த்தால் சேற்றின் கறை தோன்றலாம். இருக்கையின் அடித்தண்டில் துருவும் காணலாம். சட்டமும் இத்தகைய ஆராய்ச்சியை நம்மிடம் எதிர்பார்க்கிறது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, வாங்குபவர் சரக்கை ஆராய்ந்து பார்த்திருப்பின், அவ்வாராய்ச்சியிற் புலப்பட்டிருக்கவேண்டிய குறைக்கு வணிகத்தரம் பற்றிய உள்ளுறை நிபந்தனை துணைவாராது. ஆதலின் பார்ப்பதை நன்கு பார்க்கவேண்டும்.

இறுதியாகத் தமிழ் மாணவன் என்னும் முறையில் ஒரு விண்ணப்பம். நம் மக்களின் சேமிப்பைக் கட்டுப்படுத்தும் இவ்வொப்பந்தங்கள் தமிழிலும் தரப்படல்வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற ஒப்பந்தம் என்பதனை முறையீட்டுக்கு ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டுள்ளது. படித்தறிய மாட்டாத மொழியில் எழுதிய நிபந்தனையைக் காட்டி ஒருவரது உரிமையை மறுத்தல் எத்துணை நேர்மையுடையது என்பதைச் சட்டம் வல்லார் சிந்திப்பாராக. அதுகாறும் இலக்கணமும் உரையும் கற்ற நாம், நச்சினார்க்கினியரைப் படிக்குங்காற் செலுத்தும் கருத்தைச் சிறிது அத்தாளின்மேலும் செலுத்துவோமாக. 'உள்ளடங்குவன' என்னும் பகுதியினும் 'உள்ளடங்காதன' என்னும் பகுதியை முதலிற் படிக்க. அதனைப் பெற்றோர்க்குத் தமிழிற் கூறுக. படித்து முடியுமுன் கையெழுத்திட எவர் விரைவித்தாலும் எழுந்து வருக.

ஆகவே எம் முடிபு இது: பழைய வண்டிக்கு நீட்டிப்பு உத்தரவாதம் பெரும்பாலோர்க்கு வேண்டற்பாலதன்று. வண்டியை ஆராய்தற்குச் சிறிது செலவிட்டு, எஞ்சியதைப் பழுதுக்கெனச் சேர்த்துவைத்தலே தக்கது. மேற்கூறிய மூன்றும் பொருந்தும் இடத்தில் வாங்குவோர் படித்துத் தெளிந்து வாங்குவாராக.