குறியீட்டுக்கு முன்னால் சரிவைப் பாருங்கள்

நீலகிரியின் உயரப் புல்வெளிக்கு நம் வகைப்பாட்டு ஏட்டில் உள்ள குறியீடு 11ஏ/சி1/டிஎஸ்2. இதில் ‘டிஎஸ்’ என்பது சிதைவு நிலையைக் குறிக்கும். ஹாரி சாம்பியன் 1936-இல் வகுத்து, எஸ்.கே. சேத்துடன் சேர்ந்து 1968-இல் திருத்திய வகைப்பாட்டின்படி, அந்தப் புல்வெளி, மலை மடிப்புகளில் வளரும் சோலைக் காடு அழிந்தபின் மிஞ்சியது. அயல் மரங்களான சீகையும் (வாட்டில்) தைல மரமும் அங்கே ஏறியதற்கு விறகு, தோல் பதனிடும் பட்டை, மரக்கூழ் என வேறு தேவைகள் இருந்தன. ஆனால் புல்வெளியைச் சிதைந்த காடாகப் பார்த்துவிட்டால், அங்கே மரம் நடுவது இழப்பாகத் தெரியாது, சீரமைப்பாகவே தெரியும்.

மண் வேறு கதை சொல்கிறது. நீலகிரியின் பீட் மண் அடுக்குகளில் கார்பன் ஐசோடோப்புகளை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, கடந்த 20,000 ஆண்டுகளில் புல்லும் மரமும் தட்பவெப்பத்துக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் வந்திருக்கின்றன. கடைசிப் பனியூழியின் வறண்ட காலத்தில் அங்கே புல்லே மேலோங்கியிருந்தது. மனிதன் காட்டை அழித்ததால்தான் புல் வந்தது என்ற வாதம் இதன்பின் நிற்காது.

நீலகிரியின் முக்கூர்த்திப் பகுதியில் ஒரு முகட்டிலிருந்து ஓடை வரை இறங்கிப் பார்த்தாலே புல்லும் சோலையும் தனித்தனி இடங்களில் நிற்பதன் காரணம் புரியும். முகட்டில் காற்று ஓயாது, மண் ஆழமில்லை. அங்கே புல்லும், ஆங்காங்கே தனித்து நிற்கும் ரோடோடெண்ட்ரானும். சரிவு உள்வாங்கி மடியும் இடத்தில் மண் ஆழமாகி ஈரம் தங்குகிறது, அங்கேதான் சோலை. அதன் விளிம்பைத் தாண்டித் திறந்தவெளியில் முளைக்கும் சோலை நாற்றை டிசம்பர், ஜனவரி உறைபனி கருக்கிவிடுகிறது. இன்னும் கீழே, நீர் தேங்கும் தட்டையான பள்ளத்தில் சோலையும் இல்லை, சரிவுப் புல்லும் இல்லை. கோரை நிறைந்த சதுப்பு. அரை மணி நடைக்குள் மூன்று நிலங்கள். கம்பார்ட்மெண்ட் எனப்படும் காட்டு நிர்வாகப் பிரிவு முழுவதற்கும் ஒரே குறியீடு எழுதினால் இவற்றில் இரண்டு மறைந்துபோகும்.

சாம்பியன்–சேத் வகைப்பாட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரு துணைக்கண்டத்தின் காடுகளை ஒப்பிட அது பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது. ஆனால் எந்தச் சரிவில் எதை நடுவது, எதை விட்டுவைப்பது என்ற கேள்விக்கு அதனிடம் விடை தேடக் கூடாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விளாடிமிர் கிராஜினா தொடங்கி வைத்த முறையில் தட்பவெப்பம், நிலத்தின் அமைவு, தாவரக் கூட்டம் மூன்றும் சேர்ந்தே ஓர் இடத்தின் வகையைத் தீர்மானிக்கின்றன. சரிவில் அந்த இடம் எங்கே இருக்கிறது, மண்ணில் ஈரமும் சத்தும் எவ்வளவு, சுட்டும் செடிகள் எவை என்று பார்த்த பிறகே நடவுக்கான இனம் தேர்வாகிறது. நம்மிடமும் முன்னோடி உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வரைந்த வரைபடங்கள் மழையளவு, உயரம், வறண்ட மாதங்களின் எண்ணிக்கை ஆகியவற்றோடு மர இனங்களையும் சேர்த்தே காட்டைப் பிரித்தன.

இப்படிச் சரிவைப் பார்த்து முடிவெடுப்பது இன்றைக்கு அவசரமான விஷயம். அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்டது. சீகையை வெட்டிய இடத்தில் புல் வர வேண்டுமா, சோலை வர வேண்டுமா? முகட்டுச் சரிவில் சோலை நாற்றை நட்டால் பணமும் உழைப்பும் பனியில் போகும். மடிப்புகளிலோ, பழைய சீகையின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுந்திருக்கலாம். அங்கே ஒட்டுமொத்தமாக வெட்டினால் அவையும் போய்விடும்.

செயல்திட்டம் எழுதும் அலுவலர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் நம் வேண்டுகோள் இதுதான்: அடுத்த திருத்தத்தின்போது கம்பார்ட்மெண்ட் பதிவேட்டில் காட்டு வகைக் குறியீட்டுக்கு முன்பாக ஐந்து கட்டங்களைச் சேருங்கள். சரிவில் இடம், சரிவு நோக்கும் திசை, மண்ணின் ஆழம், நீர் நிலை, உறைபனி. இவற்றை நிரப்பக் கைமண்வெட்டியும் திசைகாட்டியும் உள்ளூர்க் காவலரின் அனுபவமும் போதும். அவற்றை நிரப்பாமல் எந்த நடவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தராதீர்கள்.