தெய்வம் துணையா, சாக்கா?

கடவுள் உண்டா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதற்காக எந்தத் தொழிற்சங்கமும் அமைக்கப்படவில்லை. கூலி உயர்வு, குடியிருப்பு, மருத்துவ வசதி, வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றிற்காகவே நாம் மாதந்தோறும் சந்தா செலுத்தி வருகிறோம். ஆயினும், கிளைக் கூட்டம் கலைந்த பிறகு தேநீர்க் கடைப் பெஞ்சில் ஒரு விவாதம் அடிக்கடி எழுவதைக் கேட்டு வருகிறேன். "தெய்வம் என்பது கஷ்டப்பட்டவன் தன் மனத்தைத் தேற்றிக்கொள்ளக் கண்டுபிடித்த மருந்து, அவ்வளவுதான்" என்கின்றனர் நம் இளைஞர் சிலர். "ஆத்தாளைப் பழித்தவன் உருப்பட்டதில்லை" என்று முகம் சிவக்கின்றனர் பெரியவர்கள். இரு சாராரும் அடுத்தடுத்த நிரைகளில் பால் வெட்டுகிறவர்கள். ஒரே பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்கிறவர்கள். இந்த வாதம் சங்கத்துக்குள் பிளவாக முற்றிவிடக் கூடாது. அதேவேளையில், பேசக் கூடாத பொருள் என்று மூடி வைக்கவும் கூடாது. ஏனெனில், நம் கைக்கு வரவேண்டிய உரிமைகளில் சில, இந்தக் கேள்விக்கு நாம் கொள்ளும் விடையைப் பொறுத்தே வருகின்றன அல்லது வராமல் போகின்றன.

அறிஞர்கள் சொன்னது

இளைஞர்கள் கூறுவது புதிய கருத்தன்று. 1844-ஆம் ஆண்டிலேயே கார்ல் மார்க்ஸ் சமயத்தை அபினிக்கு ஒப்பிட்டு எழுதினார். அந்த ஒப்புமையைப் பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால், ஒடுக்கப்பட்டவன் தன் வேதனையை வெளியிடும் வழியாகவும், அந்த வேதனைக்கு எதிரான முறையீடாகவும் சமயம் இருக்கிறது என்று அவர் அதே இடத்தில் கூறியதை மறந்துவிடுகின்றனர். அந்நாளில் அபினி, போதைப் பொருள் மட்டுமன்று. வலி தணிக்கும் மருந்தாகவும் கடைகளில் விற்கப்பட்டது. பிறகு 1927-இல் வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு, தந்தையின் காவலை நாடும் குழந்தை மனமே வளர்ந்த பிறகும் வானத்தில் ஒரு தந்தையைத் தேடுகிறது என்று எழுதினார். 1929-ஆம் ஆண்டின் இறுதியிலும், மீண்டும் 1954-இலும் மலாயாவுக்கு வந்த பெரியார் ஈ.வெ.ரா. பகுத்தறிவுப் பிரசாரத்தை நம் மக்களின் காதுக்கே கொண்டுவந்தார். ஏழை தேடும் மன ஆறுதலைப் பறிப்பது அவர் நோக்கமன்று. மூடநம்பிக்கையின் பெயரால் ஏழை ஏய்க்கப்படுவதே அவருக்குக் கோபமூட்டியது.

இவர்களைவிட நம் தொழிலுக்கு நெருக்கமான ஒரு செய்தியைச் சொன்னவர் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியல் அறிஞர். முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் நியூகினிக்கு அருகிலுள்ள திரோபிரியாண்டு தீவுகளில் மீனவரோடு வாழ்ந்தார். அலையில்லாத உள்கடலில் மீன் பிடிக்கும்போது அம்மக்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை. தம் கைத்திறனையே நம்புகின்றனர். ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த திறந்த கடலுக்குப் போகும்போதுதான் விரிவான சடங்குகள் நடைபெறுகின்றன. மனிதனின் அறிவும் கையும் எட்டாத எல்லையில் சடங்கு தொடங்குகிறது என்பது அவர் கண்ட முடிவு.

இதைச் சோதித்துப் பார்க்க நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. கத்தி ஆழமாக இறங்கி மரம் காயப்படாமல் இருக்க வேண்டுமென்று நம்மில் எவரேனும் நேர்ந்துகொள்கிறோமா? இல்லை. அது கைப்பழக்கம். ஆனால், விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் புறப்படுகிறவர் வானத்தை அண்ணாந்து பார்த்து, "தாயே, பால் எடுக்கும்வரை பொறுத்துக்கொள்" என்கிறார். பட்டை நனைந்திருந்தால் வெட்டில்லை. வெட்டிய பிறகு மழை கொட்டினால் மங்கிலுள்ள பால் தண்ணீரோடு போய்விடும். இலையுதிர் காலத்தில் பால் குறையும். சிங்கப்பூரிலும் ஷாங்காயிலும் நிர்ணயமாகும் ரப்பர் விலை நம்மைக் கேட்டு ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. கிராணிமாரும் இதற்கு விலக்கல்லர். கணக்குச் சரியாக இருக்கும் கிராணி, தணிக்கை நாளன்று கூடுதலாகத் திருநீறு பூசுவதில்லை!

அம்மனும் காய்ச்சலும்

பழைய ரப்பர்த் தோட்டம் என்றால் அங்கே ஒரு மாரியம்மன் கோயில் இருக்கும். மழைக்கும் அம்மை நோய்க்கும் உரியவளாக நம் முன்னோர் வணங்கிய தெய்வத்தைக் கப்பலேறி வந்த மக்கள் இங்கும் கொண்டுவந்ததில் வியப்பில்லை. காடழித்த இடங்களில் மலேரியாக் காய்ச்சல் லயம் லயமாக ஆட்களைக் கொன்ற காலம் அது. டாக்டர் இல்லை, சட்டமில்லை, சங்கமில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய விழித்திருந்த தாய்க்கு அம்மன் பெயரைத் தவிர வேறு என்ன இருந்தது? 1943-இல் சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பல்லாயிரவருக்கு வேறு என்ன இருந்தது? அவர்கள் முன்னே நின்று, "இது உங்கள் மனம் செய்யும் தந்திரம்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆனால், அந்தக் காய்ச்சல் எப்படிக் குறைந்தது என்பதையும் நாம் அறிய வேண்டும். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897-இல் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். 1901-இல் கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், கிள்ளான் பட்டணத்திலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் வடிகால் வெட்டி, தேங்கிய நீரை அகற்றச் செய்தார். காய்ச்சலும் சாவும் வெகுவாகக் குறைந்தன. நேர்த்திக்கடன் அந்தத் தாயை ஓர் இரவு தாங்கியது. வடிகால் அவளுடைய அடுத்த பிள்ளையைக் காப்பாற்றியது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர் நமக்கு நல்லது செய்கிறவர் அல்லர்.

அச்சம் நீங்கினால் தெய்வமும் நீங்கிவிடுமா? 2011-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரைப் பூகம்பம் தாக்கியபோது, நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களிடையே சமய நம்பிக்கை கூடியதாக ஆராய்ச்சியாளர் கண்டனர். ஓய்வூதியம், மருத்துவம், வேலையற்றோர் உதவி ஆகியவை உறுதியாக உள்ள நாடுகளில் சமய ஈடுபாடு குறைந்து வருகிறது என்று நாரிஸ், இங்கிள்ஹார்ட் என்ற இரு அறிஞர்கள் 2004-இல் எழுதினர். இவை இளைஞர் பக்கம் பேசும் சான்றுகள். மறுபக்கமும் பாருங்கள். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதென 1980-இல் அறிவிக்கப்பட்டது. மாரியம்மன் கோயிலில் கூட்டம் குறையவில்லை. தோட்டத்தை விட்டுப்போய் டாக்டராகவும் வழக்கறிஞராகவும் ஆன நம் பிள்ளைகள் தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி எடுக்கின்றனர். அச்சம் மட்டுமே தெய்வத்தைப் படைத்தது என்றால் இவர்கள் ஏன் வருகின்றனர்? நன்றி, உறவு, அழகு, பாட்டன் பாட்டியின் நினைவு என்று அச்சத்தில் அடங்காத பலவும் அங்கே உண்டு. தோட்டம் விற்கப்பட்டபோது லயத்தை இழந்தவர்கள், வீட்டைவிடக் கோயிலுக்காக அதிகம் கலங்கியதன் காரணமும் இதுவே.

இன்னொன்று. ஒரு நம்பிக்கை ஆறுதல் தருகிறது என்பதால் அது மெய் என்றாகிவிடாது; ஆறுதல் தருகிறது என்பதாலேயே பொய் என்றும் ஆகிவிடாது. தாகமெடுத்தவன் தண்ணீரை நினைக்கிறான். அவன் கண்டது கானல் நீராகவும் இருக்கலாம், கிணறாகவும் இருக்கலாம். தாகத்தைச் சோதித்து அதை முடிவு செய்ய இயலாது. ஆகவே, "உளநூல் கடவுளைப் பொய்யாக்கிவிட்டது" என்று கூறும் இளைஞரும், "எனக்கு மனநிம்மதி கிடைத்தது, ஆகவே கடவுள் உண்டு" என்று கூறும் பெரியவரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர்.

மூன்று வகை

நமக்கு வேண்டிய கேள்வி வேறு. நம்பிக்கை தரும் ஆறுதலை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதே அது. அமெரிக்க உளநூல் அறிஞர் கென்னத் பார்கமெண்டும் அவருடைய சகாக்களும் 1988-இல் துன்பத்தை எதிர்கொள்ளும் முறைகளை மூன்றாக வகுத்தனர். எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டுவிட்டுக் காத்திருப்பது ஒன்று. கடவுளை இதில் இழுக்காமல் தானே பார்த்துக்கொள்வது இரண்டாவது. கடவுளைத் துணையாக வைத்துக்கொண்டு தன் கடமையையும் செய்வது மூன்றாவது. தோட்டத்துப் பேச்சில் கூறுவதானால், "அவன் பார்த்துக்கொள்வான்" என்பவர் ஒருவர். "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்பவர் ஒருவர். "அவன் துணையிருப்பான், வா போவோம்" என்பவர் ஒருவர். பின்னிரண்டு பேரும் சங்கத்துக்கு வேண்டியவர்கள். முதலாமவரைத்தான் நாம் கைபிடித்து எழுப்ப வேண்டியிருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கூறுகிறேன் என்பதற்கு நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்ததே சான்று. வடிகாலின் மேல் போட்டிருந்த பலகை உளுத்துப் போயிருந்தது. அதைப்பற்றி மண்டோர் இருமுறை ஆபீசில் கூறியிருந்தார். ஒரு காலையில், பால் வாளியோடு அதைக் கடந்த நடுத்தர வயது அம்மையார் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வீட்டார் ஜாதகம் பார்த்தனர். சனி தோஷம் என்று கூறப்பட்டது. நிர்வாகமும் பரிகாரப் பூசைக்கென 200 வெள்ளி தந்தது! பூசை நடந்தது, பலகை மட்டும் மாறவில்லை. விபத்து அறிக்கையும் எழுதப்படவில்லை. பல நாள் கழித்து நான் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது அந்த அம்மையார், "விதிக்கு யார் மேல வழக்குப் போடறது, கிராணி ஐயா?" என்றார்.

அவரை எழுப்பியவர் நாத்திகர் அல்லர். கோயில் கமிட்டித் தலைவர். அவர் நம் கிளையின் பொருளாளரும் ஆவார். "அக்கா, ஆத்தாளுக்குப் பொங்கல் நான் வைக்கிறேன். நீங்கள் இந்தப் பாரத்தில் கைநாட்டு வையுங்கள். பலகையை உளுக்க வைத்தது சனி பகவான் இல்லை" என்றார் அவர். தாமதமாகவேனும் அறிக்கை போயிற்று. பெர்கேசோவிலிருந்து தற்காலிக இயலாமைக்கான தொகையும் கிடைத்தது. புதுப் பலகையும் வந்தது. அந்த அம்மையாரின் பக்தி எள்ளளவும் குறையவில்லை.

தோழர்களே, சட்டம் என்ன கூறுகிறது என்பதை இங்கே நினைவூட்டுவது என் கடமை. வேலையில் நேர்ந்த விபத்தை, அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கேசோவுக்கு அறிவிக்க வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. நாம் அம்மனைக் கும்பிடுவதுபோல், வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு உழைப்பவர் ஐவேளை தொழுகின்றனர். "எல்லாம் இறைவன் விட்ட வழி" என்று அவர்கள் அறையில் முடங்கிக் கிடந்தால் அங்கும் நாம் போய்ப் பேச வேண்டும்.

நிர்வாகங்களுக்கும் ஒரு சொல். திருவிழாவுக்கு நன்கொடை தாருங்கள், நன்றியோடு ஏற்போம். ஆனால், அது பலகைக்கு ஈடாகாது; நிலுவைக் கூலிக்கும் ஈடாகாது.

பக்தி மனிதனைக் கோழையாக்கும் என்று கூறும் இளைஞர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறேன். 1941-இல் ஆர்.எச்.நாதன் முதலியோர் நடத்திய கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டுமென்ற இழிவு ஒழிய வேண்டும் என்று நம் மக்கள் கேட்டனர். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் பலியாயின. அன்று எழுந்து நின்றவர்கள் பகுத்தறிவு நூல்களைக் கற்றுத் தேர்ந்த பிறகு வந்தவர்கள் அல்லர்; ஆடி மாதம் கூழ் ஊற்றிய குடும்பத்து ஆண்களும் பெண்களும்தான். மறுபுறம், 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியானது எவருடைய நேர்த்திக்கடனாலும் அன்று. கேட்டதனால், இடைவிடாது கேட்டதனால்.

ஆகவே, இளைஞர்களே, பெரியவர்களின் ஊன்றுகோலைப் பிடுங்காதீர்கள். அதை ஊன்றியேனும் கிளைக் கூட்டத்துக்கு வரச் செய்யுங்கள். பெரியவர்களே, கேள்வி கேட்கும் பிள்ளையைத் தெய்வநிந்தனை செய்பவன் என்று விரட்டாதீர்கள். நாளைக்கு உங்கள் மனுவை எழுதித் தரப்போகிறவன் அவன்தான். ஒவ்வொரு கோயில் கமிட்டியிலும் கிளைச் செயலவையினர் ஒருவரேனும் இருக்கட்டும். எவருக்கு அடிபட்டாலும் முதலில் ஆஸ்பத்திரி, அன்றே விபத்து அறிக்கை, அதன் நகல் கிளைச் செயலாளர் கையில் என்று வழக்கப்படுத்துவோம். விளக்கேற்றுவதற்கு அதன் பிறகு வேண்டிய நேரம் இருக்கிறது.