பணம் கட்டி அச்சடித்தால் மட்டும் இலக்கியமா?

"கிண்டிலில் யார் வேண்டுமானாலும் புத்தகம் போடலாம், அதனால் அங்கே குப்பைதான் சேரும்." புத்தகக் காட்சி மேடைகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. கைதட்டலும் தவறாமல் கிடைக்கிறது.

அச்சில் பதிப்பாளர் என்ற சல்லடை இருக்கிறது என்பதுதான் இந்த வாதத்தின் அடிப்படை. நம் ஊரில் முதல் கவிதைத் தொகுப்பு எப்படி வருகிறது என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். பல நேரம் 300 பிரதிக்கான செலவைக் கவிஞரே கட்டுவார். விற்காத கட்டுகள் அவர் வீட்டுப் பரணுக்கே போய்ச் சேரும். அதை எந்த ஆசிரியர் குழு சலித்தது? கையில் காசு இருந்தது, புத்தகம் வந்தது. காசில்லாதவர் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிட்டார்.

சொந்தமாகப் பதிப்பிப்பதே இழுக்கு என்றால் பாரதியை என்ன செய்வது? 1920இல் தம் எழுத்துகளை 40 நூல்களாக வெளியிட 'தமிழ் வளர்ப்புப் பண்ணை' என்று திட்டம் போட்டு, தலைக்கு 100 ரூபாயாவது கடன் தாருங்கள் என்று நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். திட்டம் கைகூடவில்லை. அடுத்த ஆண்டு அவரும் போய்விட்டார். இன்று அந்த முதல் செலவு இல்லை: யூனிகோடில் தட்டிய வேர்டு கோப்பும் ஓர் அட்டைப்படமும் போதும்.

தரம்? ஒற்றுப்பிழை மலிந்த மின்நூல்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. கிண்டில் எழுத்துப் போட்டிகளின்போது நண்பர்கள் ஐந்து நட்சத்திரம் குத்தித் தள்ளியதும் நடந்தது. ஆனால் முதல் சில பக்கங்களை இலவசமாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாசகர் வாங்குகிறார். பிழையைச் சுட்டினால் திருத்திய கோப்பை ஏற்றலாம். சில நாளில் புதுப் பிரதி கடையில் இருக்கும். அச்சில் இதற்கு இரண்டாம் பதிப்பு வரவேண்டும். வருமா?

"யார் வாசிக்கிறார்கள், என்ன கிடைக்கும்?" என்பது அடுத்த கேள்வி. 2016 இறுதியில் கிண்டில் தமிழை ஏற்றதிலிருந்து, டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் தமிழருக்குப் புத்தக விலையை மிஞ்சும் தபால் செலவு மிச்சம். அச்சில் வழக்கமான ராயல்டி 10 விழுக்காடு, அதுவும் கணக்கு வந்தால். இங்கே 35 அல்லது 70. சந்தா வாசகர் புரட்டும் பக்கத்துக்கும் தனியே காசு உண்டு. ஆண்டி வியர் தன் 'தி மார்ஷியன்' நாவலை 99 சென்ட்டுக்குத் தானே கிண்டிலில் ஏற்றினார். 2015இல் அது ஹாலிவுட் படமானது. எல்லோருக்கும் அது வாய்க்காதுதான். புதியவருக்கு முகம் தெரியாத 40 வாசகர்களே பெரிய விஷயம்.

ஏற்றப்போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கொடுக்க வேண்டிய கூலியில் மிச்சம் பிடிக்காதீர்கள். இந்திய விற்பனையில் 70 விழுக்காடு வேண்டுமென்றால் கிண்டிலின் சுயபதிப்புத் தளமான கேடிபியின் 'செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும்; சேர்ந்த 90 நாளும் அந்த மின்நூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. நிபந்தனையைப் படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.