பயனற்ற படிப்பாம்! பிறகேன் பதைப்பு?

"என்ன படிக்கிறான் பையன்?"

"வரலாறுங்க, ஐயா. இளங்கலை, முதலாண்டு."

"வரலாறா! வேறெதிலும் இடம் கிடைக்கவில்லையோ? அசோகர் மரம் நட்ட கதையைப் படித்துவிட்டு வந்தால், கடைக்காரன் அரிசி அளப்பானா?"

திண்ணையிலே நடைபெறும் உரையாடல் இது. கேட்டவர் சிரிக்கிறார். பெற்ற தந்தை தலை கவிழ்கிறார். கல்லூரி வாயிலை அந்தக் குடும்பத்திலே முதன்முதலாக மிதித்த பிள்ளையோ, ஏதோ குற்றம் புரிந்துவிட்டவன் போல் கூசி நிற்கிறான்.

ஏழைத் தந்தை இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குச் சினம் எழுவதில்லை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டியவன், காளையை விற்றுக் கல்லூரிக்கு அனுப்பியவன், "இதனால் என்ன பயன்?" என்று கேட்கத்தான் வேண்டும். அது பசியின் குரல். அதை நையாண்டி செய்வது பண்பாகாது. ஆனால், படித்துப் பதவி பெற்றுப் பட்டாடை போர்த்திய பெரியவர்கள், "வரலாறு வீண், பழங்கதை, மனப்பாடம்" என்று உதட்டைப் பிதுக்குகிறார்களே, அவர்களைத்தான் கேட்கிறேன்: பயனற்ற படிப்பு என்கிறீரே, அந்தப் பயனற்ற படிப்பின் மீது உம்முடைய உலகத்தைச் சேர்ந்தோருக்கு ஏன் இத்தனை கண்?

வீணான நிலத்துக்கு எவரும் வேலி போடுவதில்லை. வெற்றுப் பானையைத் திருட எவரும் விடிய விடிய விழித்திருப்பதில்லை. வரலாற்றுப் பாடத்திலோ, ஒவ்வொரு வரிக்கும் ஒரு காவல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சூழ்ச்சி!

2021-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, இளங்கலை வரலாற்றுக்கென்று ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. அதன் முதல் தாளின் பெயர் என்ன தெரியுமா? 'பாரதம் என்னும் கருத்து'! கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கும் மாணவனுக்கு, சான்று என்றால் என்ன, அதைச் சோதிப்பது எப்படி என்பதல்ல முதற்பாடம். வேதமும் உபநிடதமும் புராணமும் முதற்பாடம். புராணம் வரலாற்றுத் துறையின் வாயிற்படியிலே வந்து அமர்ந்துகொள்கிறது. உள்ளே வருபவன் அதை வணங்கிவிட்டு வரவேண்டுமாம்.

அதே திட்டத்தில், சிந்துவெளி நாகரிகத்துக்குப் புதுப் பெயர் ஒன்றும் சூட்டப்பட்டது: 'சிந்து–சரசுவதி நாகரிகம்.' 1924-இல் ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்த நாகரிகம் அது. அதன் எழுத்தை எல்லோரும் ஏற்கும்படி இன்றுவரை எவரும் படித்துக் காட்டவில்லை. படிக்கப்படாத எழுத்துக்கு உரியவர்கள் தம் ஊரை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. ஆனால், வேதத்திலே வரும் ஆற்றின் பெயரை அதன் தலையிலே கட்டிவிட மட்டும் துணிவு வந்துவிட்டது! குழந்தை யாருடையது என்று தெரியுமுன்பே பெயர் சூட்டு விழாவா?

2023-இல் மற்றொரு காட்சி. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து மொகலாயர் அரசவை பற்றிய அதிகாரம் அகற்றப்பட்டது. காந்தியாரைச் சுட்டுக் கொன்ற கோட்சேயின் சாதியைக் குறித்த சொற்களும் மறைந்தன. மாணவரின் சுமையைக் குறைக்கிறோம் என்றனர். சுமையாம்! ஒரு சொல்லின் எடை எவ்வளவு, ஐயா? பையனின் முதுகுக்கா அது சுமை? வேறு எவருடைய நெஞ்சுக்கோ அது சுமை!

நம் கீழடிக்கு வருவோம். 2014-இல் தொடங்கிய அகழாய்வின் முதலிரு கட்டங்களை நடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணன், 2017-இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். 2023 சனவரியிலே அவர் அளித்த 982 பக்க அறிக்கை, 2025 மே மாதத்திலே, திருத்தி எழுதுக என்று திருப்பி அனுப்பப்பட்டது. மண்ணுக்குள்ளே இரண்டாயிரம் ஆண்டுகள் பொறுமையாகக் கிடந்த பானை, மேலே வந்த பிறகு அலுவலக மேசையிலே மறுபடியும் புதைக்கப்படுகிறது! பயனற்ற பொருளென்றால், இத்தனை பதைப்பு ஏன்?

அவர்களுக்குத் தெரியும். நேற்றைக்கு உரிமை கொண்டாடுபவன், நாளைக்கும் பட்டா வாங்கிவிடுவான். தெரியாதிருப்பது நமக்குத்தான்.

தம்பி! வரலாறு உனக்கு என்ன தரும் என்று கேட்கிறாயா? நீ உட்கார்ந்திருக்கும் பெஞ்சைத் தந்ததே அதுதான் என்பதை முதலில் அறிந்துகொள்.

1912-இல் சென்னை மாகாணத்திலே நிரந்தர மாவட்ட முன்சீப்புகள் 128 பேர். அவர்களிலே 93 பேர் பார்ப்பனர். மக்கள் தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு மூவர் அளவினர். இந்த நிலை கண்டு 1916-இல் பார்ப்பனரல்லாதார் அறிக்கை எழுந்தது. 1921-இல் வகுப்புரிமை ஆணை பிறந்தது. 1951-இல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. தமிழகம் கொதித்தெழுந்தது, அதே ஆண்டிலே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 1953-இல், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றொரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார், திட்டமும் தொலைந்தது.

இவை தேர்வுக்காக நெட்டுருப் போட வேண்டிய ஆண்டுகளா? இவற்றிலே ஒன்று நிகழாதிருந்தாலும், உன் தந்தை எந்தக் கருவியைப் பிடித்தாரோ அந்தக் கருவியின் பிடியிலே உன் கையும் காய்த்திருக்கக் கூடுமே! "தகுதி போயிற்று, திறமை போயிற்று" என்று எவனோ உன்னிடம் வந்து புலம்பும்போது, 128-லே 93 என்று சொல்ல உன்னால் முடியுமானால், அவன் வாய் அடைபடும். முடியாவிட்டால், உன் தலை கவிழும். எந்த அரசுத் தேர்வின் மதிப்பெண்ணையும் விடப் பெரிய பயன் இது.

இதுவரை பிறரைச் சாடினேன். இனி நம்மை நாமே சாடிக்கொள்ளும் நேரம். கண்ணாடியைப் பகைவனுக்கு மட்டும் காட்டுபவன் பகுத்தறிவாளன் அல்லன்.

மேடையேறினால் நாம் முழங்குவது என்ன? "குடவோலை கண்ட குலம்! மக்களாட்சியை மாநிலத்துக்கு ஈந்த இனம்!" கையொலி பிறக்கிறது, மாலை விழுகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் படித்தோமா? முதலாம் பராந்தகன் காலத்தவை, 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை, இன்றும் அந்தக் கோயிற் சுவரிலே இருக்கின்றன. முப்பது குடும்பு என்று ஊரைப் பிரித்ததும், ஓலையைக் குடத்திலிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுத்ததும் உண்மை. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வாரியத்திலே இடம் பெறலாகாது என்ற விதி, இன்றைய ஆட்சியாளரும் கற்க வேண்டிய அருமையான விதி. மறுக்கவில்லை. ஆனால், யாருடைய பெயர் அந்தக் குடத்திலே விழலாம்? கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமுடையவன். சொந்த மனையிலே வீடு கட்டியவன். மந்திர பிராமணம் ஓத வல்லவன்! அது சதுர்வேதிமங்கலத்துச் சபை. உழுதவன் பெயர் அந்தக் குடத்துக்குள் இல்லை. நாம் கை தட்டுவது யாருடைய தேர்தலுக்கு?

தஞ்சைக்குப் போவோம். 1010-இல் நிறைவேறிய பெரிய கோயில், வானளாவும் கல்மலை, நம் கைவினைஞனின் ஆற்றலுக்கு அழியாச் சான்று. அதே கோயிலின் கல்வெட்டுகள், ஊர்தோறும் இறையிலி நிலங்களைக் கணக்கெடுக்கும்போது, பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் எழுதி வைத்திருக்கின்றன. நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் பற்பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்டதையும் அந்தக் கல்லே சொல்லுகிறது. எண்ணாயிரத்திலே, இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர்க்கு உணவும் படிப்பும் அளித்த கல்லூரி இருந்தது என்று பெருமை பேசுகிறோம். அங்கே ஓதப்பட்டது வேதம். கீழடியின் பானையோட்டிலே ஆதன் என்றும் குவிரன் என்றும் பெயர் பொறிக்கப்பட்ட நாடு இது. எழுத்து புழங்கு பொருளின் மேலெல்லாம் ஏறியிருந்த நாட்டிலே, ஆயிரம் ஆண்டுக்குப் பின் அரசன் பொருளால் நடந்த கல்லூரி யாருக்குத் திறந்திருந்தது? அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் வரலாறு. கேட்காமல் கொடி பிடிப்பது திருவிழா.

"புகழைக் குறைக்கிறாயே!" என்று சினக்கும் நண்பர் உண்டு. புகழ் குறையாது, நண்பரே! பொய் மட்டுமே குறையும். புராணத்தைப் புரட்டு என்று சொன்ன நாம், நம் பங்குக்கு ஒரு புராணம் எழுதிக்கொண்டால், அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு பூணூலிலே மட்டும்தானா?

ஜப்பானிலிருந்து ஓர் அறிஞர் வந்தார். நொபொரு கராஷிமா அவர் பெயர். தமிழ் கற்றார்; கல்வெட்டுக் கற்றார். காவிரிக் கரையிலே அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் எடுத்துக்கொண்டு, நிலம் எவரிடம் இருந்தது, எப்படிக் கைமாறியது, பிரமதேய ஊருக்கும் மற்ற ஊருக்கும் வேறுபாடு என்ன என்று கல்வெட்டு வரிகளைக் கொண்டே ஆய்ந்தார். அவரும் சுப்பராயலு போன்ற நம்மவரும் சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளிலே வரும் ஆட்பெயர்களை எல்லாம் தொகுத்துப் பட்டியலிட்டனர். கடல் கடந்து வந்தவர் எண்ணினார். கல்லின் பக்கத்திலே பிறந்தவர் எதுகை மோனை தேடிக்கொண்டிருந்தோம்! இதை எழுதும் என் பேனாவும் கூசத்தான் செய்கிறது.

ஆகவே, இளங்கலை வரலாறு வேண்டும். ஆனால் இன்றிருக்கும் வடிவிலே போதாது. விடைக் குறிப்பு நூலை வாங்கி, ஐந்து கேள்விக்கு விடை உருப்போட்டு, மூன்றாண்டு கழிந்தபின் ஒரு கல்வெட்டின் முன்னே நிறுத்தினால் எழுத்துக் கூட்டத் தெரியாத பட்டதாரி, எழுதப் படிக்கத் தெரியாத எழுத்தர் போன்றவன். அவனுக்கு வேலை இல்லையென்று வருந்துகிறோம். அவனுக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தோமா?

முதலாண்டிலே தமிழியும் வட்டெழுத்தும் சோழர் காலத் தமிழெழுத்தும் படிக்கக் கற்பியுங்கள். மாணவன் தன் ஊர்க் கோயிற் சுவரைத் தானே படித்துத் தன் மொழியிலே எழுதட்டும். நில ஆவணத்தை, நீதிமன்றத் தீர்ப்பை, ஆங்கிலேயர் காலக் கணக்கேட்டைப் புரட்டட்டும். மன்னன் எத்தனை மணம் புரிந்தான் என்பதை விட்டு, மடை திறந்தவன் எத்தனை கலம் கூலி பெற்றான் என்று தேடட்டும். இரு நூல்கள் முரண்படுமிடத்திலே எதை நம்புவது, ஏன் நம்புவது என்று வாதிடட்டும். அப்படிப் பயின்றவன் வழக்கறிஞராகலாம், இதழாளராகலாம், ஆட்சியராகலாம், அகழாய்வுக் குழியிலே இறங்கலாம். எங்கே போனாலும் ஒன்று உறுதி: அவனை ஏய்ப்பது கடினம்.

திண்ணைப் பெரியவருக்கு இப்போது விடை சொல்லலாம். அரிசி வாங்க முடியுமா என்று கேட்டீரல்லவா? அந்த அரிசியை விளைத்தவன் தன் உலையிலே போட அரிசியின்றி நின்றது ஏன் என்று இவன் கேட்பான், ஐயா! அந்தக் கேள்விக்கு அஞ்சியே, பாடத்திட்டத்தின் முதல் தாளிலேயே புராணத்தைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள்.

தம்பி, தலை நிமிர்! "என்ன படிக்கிறாய்?" என்று அடுத்த முறை எவரேனும் கேட்டால், குனியாமல் கூறு: "வரலாறு படிக்கிறேன். எங்களைப் பற்றி நீங்கள் எழுதி வைத்ததைச் சரிபார்க்கப் படிக்கிறேன்!"