அணுகுண்டும் அபாயச் சங்கும்

அணுகுண்டு ஒன்று நம் நாட்டின்மீது விழப்போகிறதென்றால், அது விழுமுன் ஜனங்களுக்கு அறிவிக்கப்படுமா? இக்கேள்வி வீண் கற்பனையென்று தள்ளத்தக்கதன்று. 2025-ஆம் வருஷம் மே மாதம் 7-ந் தேதியன்று தேசத்தின் 244 ஜில்லாக்களில் அபாயச் சங்கு ஒத்திகை நடத்துமாறு மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் அவ்வொத்திகை நடந்தது. அணுகுண்டு படைத்த இரு தேசங்களுக்கிடையே அன்று மூண்ட சண்டை மே 10-ந் தேதி நின்றது. சண்டை நின்றதும் சங்கும் ஓய்ந்தது. சங்கோடு ஜனங்களின் விசாரமும் ஓய்ந்துவிட்டது. அது ஓயலாகாது என்பதே நமது வாதம்.

இவ்விஷயத்தைப் பிரஸ்தாபித்தாலே ஜனங்கள் கலவரமடைவார்கள் என்றும், அது சேனையின்மீது அவநம்பிக்கை கொள்வதாகும் என்றும் சிலர் கூறக்கூடும். தேசபக்தி என்பது வாய்மூடிக் கிடப்பதன்று. எல்லையைக் காப்பது சேனையின் கடமை. எல்லைக்குள் வாழும் பிரஜைக்கு அபாயத்தை அறிவிப்பது சிவில் அதிகாரிகளின் கடமை. முன்னதில் பூரண நம்பிக்கை வைத்திருப்பவர்களும் பின்னதைக் கேட்டே தீரவேண்டும்.

குண்டு போடுகிறவன் சொல்லிவிட்டுப் போடுவான் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டாம். 1945-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், ஜேம்ஸ் பிராங்க் என்பவரின் தலைமையில் சில விஞ்ஞானிகள், ஜனங்கள் வசிக்காத இடமொன்றில் குண்டை வெடித்துக் காட்டலாமே என்று அமெரிக்க சர்க்காருக்கு யோசனை கூறினார்கள். அது ஏற்கப்படவில்லை. ஜூலை 26-ந் தேதி பாட்ஸ்டாமிலிருந்து ஜப்பானுக்கு விடுத்த பிரகடனத்தில் சர்வநாசம் வருமென்ற மிரட்டல் இருந்தது. அணுகுண்டு என்ற சொல் இல்லை. ஆகஸ்டு 6-ந் தேதி காலை 7 மணி 9 நிமிஷத்துக்கு ஹிரோஷிமாவில் அபாயச் சங்கு ஊதியது உண்மையே. வந்தது வானிலை பார்க்க வந்த விமானம். 7 மணி 31 நிமிஷத்துக்கு அபாயம் நீங்கியதென்று அறிவித்தார்கள். ஜனங்கள் பதுங்கிடங்களை விட்டுத் தத்தம் வேலைக்குக் கிளம்பினார்கள். 8 மணி 15 நிமிஷத்துக்குக் குண்டு வெடித்தது. சத்துருவும் சொல்லவில்லை, சொந்த ஊர்ச் சங்கும் உதவவில்லை.

ஹிரோஷிமா தூரதேசம் என்பார்க்கு, நமது சென்னப்பட்டணத்தின் சரித்திரத்தையே எடுத்துக்காட்டுவோம். 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு, ஜெர்மானியக் கப்பலாகிய எம்டன் கரையருகே வந்து குண்டுமாரி பொழிந்தது; பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. குண்டு விழும்வரை பட்டணத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. முன்னறிவிப்பு ஏதுமில்லை. அக்கப்பலின் பெயர் மட்டும் நம் பேச்சு வழக்கில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. பிறகு 1942-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 5-ந் தேதி கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டணமும் காக்கிநாடாவும் ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டபொழுது, அவசிய வேலையில்லாதவர்கள் சென்னையை விட்டு வெளியேறுமாறு சர்க்கார் கூறியது. காரியாலயங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. லக்ஷக்கணக்கானோர் ரயிலிலும் வண்டியிலும் கால்நடையாகவும் கிளம்பினர். எங்கே தங்குவது, எதை உண்பது என்பது பெரும்பாலும் அவரவர் பாடாயிற்று. எதிர்பார்த்த படையெடுப்போ வரவேயில்லை. 1943-ஆம் வருஷம் அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று இரவில் வந்து துறைமுகத்தின்மீது குண்டு போட்டது. 1914-இல் அறிவிப்பின்றி அபாயம் வந்தது. 1942-இல் அறிவிப்பு வந்தும் வழிகாட்டுவார் இல்லை. இவ்விரண்டு குறைகளையும் சேர்த்தே நாம் பேசவேண்டும்.

இயற்கையின் சீற்றமும் இதே பாடத்தைப் போதித்திருக்கிறது. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலை ஆறரை மணியளவில் சுமத்ராவையடுத்த கடலில் பூமி அதிர்ந்தது. ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரமாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையோரத்து ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஏற்பாடில்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8000 பேர் மாண்டார்கள். கல்பாக்கம் குடியிருப்பிலும் கடல் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் பின்னரே, 2007-ஆம் வருஷத்தில், ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லாமற் போனது விதியின் குற்றமன்று, ஏற்பாட்டின் குற்றம்.

இனி, அணுகுண்டு விஷயத்தில் நேரம் உண்டா என்பதை ஆராய்வோம். இரண்டாயிரம் கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஏவப்படும் ஏவுகணை இலக்கை அடையச் சுமார் பத்துப் பதினைந்து நிமிஷங்கள் போதும். அது புறப்பட்டதைக் கண்டறியவும், பொய்த் தகவலன்று என்று உறுதி செய்யவும், உத்தரவு பிறப்பிக்கவும் அதிற் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆகவே, இலக்காகும் நகரத்தில் வசிப்பவர்களுக்குச் சில நிமிஷங்கள் கிடைத்தால் அதுவே பெரிது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆனால் காஞ்சீபுரத்தின் நிலை வேறு. சென்னைக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தென்மேற்கிலும், கல்பாக்கத்துக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வடமேற்கிலும் இருக்கிறது நம் நகரம். வடக்கே முப்பது கிலோமீட்டருக்குள் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானதளம் இருக்கிறது. சத்துருவின் கண் படக்கூடிய இடங்கள் மூன்றுக்கும் அடுத்த ஊராய் அமைந்திருப்பதால், இவற்றில் ஒன்றின்மீது குண்டு விழுந்தால் காஞ்சீபுரம் வெடியிலிருந்து தப்பக்கூடும். தூளிலிருந்து தப்புமென்று சொல்லமுடியாது. குண்டு தரையை ஒட்டி வெடிக்குமாயின், மண்ணும் இடிபாடும் கதிரியக்கத் தூளாகி மேலெழுந்து, காற்று போகும் திசையில் சென்று படியும். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், சென்னையிலிருந்து காஞ்சீபுரம் வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். நிமிஷக் கணக்கு பட்டணத்துக்கு. மணிக் கணக்கு நமக்கு. 2004-இல் கடற்கரைக்குக் கிடைத்தும் பயன்படாமற்போன அவகாசமே இங்கும் கிடைக்கிறது.

அந்த அவகாசத்தில் செய்யவேண்டியது ஓடுவதன்று, உள்ளே இருப்பது. கனத்த சுவரும் காங்கிரீட் தளமும் உள்ள கட்டடத்தின் நடுப்பகுதியில், கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு, குறைந்தது ஒரு நாளாவது வெளியே வராதிருக்கவேண்டும். வெடித்த ஒரு மணி நேரத்தில் அத்தூளிலிருந்து வீசும் கதிர், ஏழாவது மணியில் பத்தில் ஒரு பங்காகவும், நாற்பத்தொன்பதாவது மணியில் நூற்றில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும். முதல் நாளில் வெளியே திரிகிறவனுக்கும் உள்ளே இருக்கிறவனுக்கும் உள்ள பேதம், பலருக்குச் சாவுக்கும் வாழ்வுக்கும் உள்ள பேதமாகும். இதை அறியாத ஜனங்கள் 1942-ஐப்போல மூட்டை முடிச்சுகளுடன் தெருவில் இறங்குவார்களாயின், அறிவிப்பே அவர்களுக்கு ஆபத்தாய் முடியும்.

காற்றின் திசையைக் கண்ணால் பார்த்து நிர்ணயிக்கவும் முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று கடலிலிருந்து உள்நாடு நோக்கி வீசுவதை யாவரும் அறிவர். ஆடி மாதத்திலோ தரையில் மேற்கிலிருந்து காற்றடிக்க, பதினான்கு கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மிக வேகமாகக் காற்று ஓடுகிறது. தூளை ஏந்திச் செல்வது அந்த உயரத்துக் காற்றாகவும் இருக்கலாம். வானிலை இலாகா கணித்து, கலெக்டர் அறிவித்தாலொழியச் சாமானிய ஜனங்களுக்கு இது விளங்காது. இதனாலேயே அறிவிப்பு அவசியமென்கிறோம்.

அறிவித்தால் ஜனங்கள் பதறுவார்கள் என்ற ஆட்சேபத்துக்கு ஹவாய்த் தீவுகளின் அனுபவமே பதிலாகும். 2018-ஆம் வருஷம் ஜனவரி 13-ந் தேதி, ஏவுகணை வருகிறதென்ற பொய்ச் செய்தி அத்தீவுகளின் கைப்பேசிகளுக்கெல்லாம் தவறுதலாய் அனுப்பப்பட்டது. அது தவறென்று திருத்தி அறிவிக்க 38 நிமிஷங்களாயின. ஜனங்கள் பதறினார்கள், என்ன செய்வதென்று அறியாது பலர் திகைத்தார்கள். பதற்றத்துக்குக் காரணம் செய்தி மட்டுமன்று, செய்தி கேட்டபின் செய்யவேண்டியதை அறியாமையுமாகும். முன்னமே பயின்ற ஜனங்கள் சங்கொலி கேட்டு வீட்டுக்குள் போவார்கள். பயிலாத ஜனங்கள் தெருவுக்கு ஓடுவார்கள். பயத்துக்கு மருந்து அறிவேயன்றி மறைப்பன்று.

சட்டத்தில் குறையில்லை. 1968-ஆம் வருஷத்திலேயே சிவில் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்டது. 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் நிர்வாகச் சட்டம், கலெக்டரைத் தலைவராகக் கொண்ட ஜில்லா அதிகாரசபையை அமைத்து, முன்னெச்சரிக்கை ஏற்பாட்டைப் பராமரிப்பதையும் ஜனங்களுக்குச் சரியான தகவல் தருவதையும் அதன் கடமைகளில் ஒன்றாக விதித்திருக்கிறது. ஆயினும் கல்பாக்கம் நிலையத்தின் அவசரகாலத் திட்டம் அதைச் சுற்றிய 16 கிலோமீட்டரையே பிரதானமாகக் கொண்டது. 2019-ஆம் வருஷம் நவம்பரில் செங்கற்பட்டு தனி ஜில்லாவானபொழுது கல்பாக்கமும் அதனோடு பிரிந்துபோயிற்று. அதிகாரிகளுக்கு எல்லை பிரிந்தது; காற்றுக்கு எல்லை பிரியவில்லை.

மற்றொரு விநோதத்தையும் கவனிக்கவேண்டும். அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி உடன்படிக்கை செய்துகொண்டு, அதன்படி 1992 முதல் வருஷந்தோறும் ஜனவரி முதல் தேதியில் தத்தம் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொண்டு வருகின்றன. இவ்வேற்பாட்டை நாம் வரவேற்கிறோம். யுத்த காலத்திலும் முறியாது அது நிலைத்திருப்பது இரு தேசங்களுக்கும் நன்மையே. ஆனால் எதிரிக்கே இன்னின்ன இடமென்று எழுதிக் கொடுக்கமுடியுமானால், பிள்ளையார்பாளையத்து நெசவாளிக்கு, இன்ன சங்கு ஊதினால் இன்ன கட்டடத்துக்குப் போ என்று சொல்வதில் என்ன ராணுவ ரகசியம் இருக்கமுடியும்?

காஞ்சீபுரத்தில் ஓட்டு வீடுகளில் தறி போட்டு நெய்கிற குடும்பங்கள் அநேகம். ஓட்டுக் கூரை தூளிலிருந்து போதிய பாதுகாப்புத் தராது. கோயில் மண்டபங்கள் கல்லாலானவையாயினும் நாற்புறமும் திறந்தவை. ஆகவே எந்தத் தெருவார் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, எந்தக் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்துக்கு, எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போவதென்று மாநகராட்சி இப்பொழுதே வகுத்து, தமிழில் அச்சிட்டு வீடுதோறும் கொடுக்கவேண்டும். மின்சாரம் நின்றால் கைப்பேசிக் கோபுரமும் நின்றுவிடுமாதலால், கையால் சுழற்றும் சங்குகள் வார்டுதோறும் வேண்டும். கோயில் மணி, பள்ளிவாசல், மாதாகோயில் ஆகியவற்றையும் இவ்வேற்பாட்டில் சேர்க்கவேண்டும். வருஷத்துக்கு ஒருமுறையேனும் முன்கூட்டி அறிவித்து ஒத்திகை நடத்தவேண்டும். க்ஷேத்திரத்துக்கு வரும் யாத்ரீகர்களுக்கும் இதில் இடமிருக்கவேண்டும்.

இது நம்மால் ஆகாத காரியமென்று எவரும் சொல்லவேண்டாம். 2019-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து 48 நாட்கள் அத்திவரதரைத் தரிசிக்கச் சுமார் ஒரு கோடி ஜனங்கள் இந்நகரத்துக்கு வந்தார்கள். எந்த வாயிலில் புகுவது, எந்த வழியில் திரும்புவது, எங்கே வண்டியை நிறுத்துவது என்று அத்தனை பேருக்கும் இதே சர்க்கார் அறிவித்தது. நெரிசலும் துன்பமும் நேர்ந்ததுண்டு; ஆயினும் ஜனங்களுக்குச் சொல்லவேண்டும் என்ற சங்கற்பம் இருந்தால் சொல்ல வழியுண்டு என்பதை அது ருசுப்படுத்தியது.

அணுகுண்டு எவர் கையாலும் எங்கும் போடப்படாதிருப்பதே முழுமையான பாதுகாப்பு. அதற்காக உலக அரங்கில் பாரதம் குரலெழுப்பவேண்டியது அவசியம். அதுவரையில், குண்டு வருமுன் சொல்வார்களா என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட, இன்றே சொல்லுங்கள் என்று கேட்பது மேல். கடைசி நிமிஷத்தில் ஊதும் சங்கு, அதன் பொருளை முன்னமே கற்றவர்களுக்கே பயன்படும். காஞ்சீபுரத்துத் தேசத் தொண்டர்கள் தத்தம் வார்டு உறுப்பினரிடமும் கலெக்டரிடமும் சென்று, நம் தெருவுக்கான திட்டத்தைக் காட்டுங்கள் என்று கேட்கவேண்டும். திட்டம் இருந்தால் அதை ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொண்டர்களின் வேலை. இல்லையானால், அதை உண்டாக்கச் செய்வதும் அவர்களுடைய வேலையே.