ஹார்மோனியம் கேட்டால் எழுந்து போகிறவர்கள்

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பங்குனித் திருவிழாவில், வள்ளி திருமணம் பார்க்க என்னோடு வந்த கவிஞ நண்பர் இரவு ஒரு மணிக்கே எழுந்து போய்விட்டார். பபூனும் டான்ஸ்காரியும் பேசிய கொச்சை அவருக்குத் தாங்கவில்லை. 'சினிமாவின் எச்சில்' என்றார். சரித்திரம் அவருக்குத் தலைகீழ். 1931இல் பேசத் தொடங்கிய தமிழ் சினிமாதான் இந்த மேடையின் நடிகர்களையும் பாட்டையும் தின்று வளர்ந்தது. கொச்சை விஷயத்தில் அவர் சொன்னது சரி. பல ஹாஸ்யங்கள் பெண்ணைக் கேவலப்படுத்துபவை, அதைவிட, அலுப்பானவை. ஆனால் ஒரு மணிக்குப் போனவர் மூன்று மணிக்கு நடந்ததைப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்குத் தினைப்புனத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம். ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது, டைரக்டர் கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஹார்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்துகிறார்கள். வெவ்வேறு ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து அன்றிரவுதான் கூடுகிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) விட்டுப்போன கதையும் பாட்டும் எல்லோருக்கும் பொது. நடுவில் பேசுவது அவரவர் பாடு. அன்று நாரதர், கன்னிப்பெண்ணுக்குக் கல்யாணம் எவ்வளவு அவசியம் என்று புராணம் புராணமாக அடுக்கிக்கொண்டே போனார். வள்ளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கல்யாணம் அம்புட்டு நல்லதுன்னா நீங்க ஏன் சாமி தம்புராவோட ஒத்தையில அலையுறீங்க?" என்றாள். நாரதரிடம் பதில் இல்லை. நிஜமாகவே இல்லை. ஹார்மோனியக்காரர் ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடித்து அவருக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தார். கூட்டம் அதைக் கண்டுகொண்டது. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நடிகன் பாத்திரத்திலிருந்து வழுக்கி விழுந்து மறுபடி ஏறிக்கொள்வதைப் பற்றி நாம் பிரெக்டை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம்.

எழுபதுகளில் நம் பத்திரிகைகள் தெருக்கூத்தைக் கண்டுபிடித்தன. ந. முத்துசாமி கூத்தின் எதிரே போய் உட்கார்ந்ததும், 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கியதும் பெரிய காரியங்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பின்னால் வந்தவர்கள் அதை ஒரு ஜாதிப் பரிசோதனையாக்கிவிட்டார்கள். கூத்தில் சடங்கு இருக்கிறது, ஆகவே சுத்தம். ஸ்பெஷல் நாடகத்தில் பார்சிக் கம்பெனிகளின் வழி வந்த படுதாவும் ஹார்மோனியமும் இருக்கின்றன. போதாததற்குக் காதல், சிரிப்பு. ஆகவே தீட்டு. நான் கேட்கிறேன், புதுக்கவிதை எந்தக் கோயில் சடங்கிலிருந்து வந்தது? சிறுகதை? கப்பலில் வந்த சரக்கை வைத்துப் பிழைக்கிற நாம் ஹார்மோனியத்துக்கு மட்டும் கோத்திரம் கேட்கிறோம்.

கிழவனாக வந்த முருகன் தேனும் தினைமாவும் தின்று விக்குகிற இந்த லேசான கதைக்குள்ளிருந்துதான் விஸ்வநாததாஸ், கொக்கைச் சாக்கிட்டு வெள்ளைக்காரனைப் பாடினார். பலமுறை ஜெயிலுக்குப் போனார். நாவிதர் ஜாதி என்று அவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகளும் உண்டு. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில், வள்ளி திருமண மேடையிலேயே முருகன் வேஷத்தில் செத்துப்போனார். நம்முடைய கனமான நாடகம் எதற்காவது இப்படி ஒரு ராத்திரி உண்டா?

விடிந்தபின் அந்த வள்ளியை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். காதோரம் அரிதாரம் போகவில்லை. பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்தி, சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். இரவெல்லாம் ஆயிரம் பேரை எதிர்த்துப் பேசியவள். டீக்கடையில் ஒருவன் 'கூத்தாடி' என்று ஏதோ சொல்லிச் சிரித்தான். என் நண்பர் சொன்ன எச்சிலும் இதுவும் ஒரே வாயிலிருந்து வந்தவை. இந்த நடிகைகள் சுமக்கும் அவமானத்தைப் பற்றி சூசன் சைஸர் என்ற அமெரிக்கப் பெண் 2005இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதைப் படித்தபிறகுதான் நானே கிராமத்துக்குப் போனேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆசிரியர் என்னிடம் கேட்டது அயனெஸ்கோ பற்றிய கட்டுரை. அதை நண்பர் எழுதட்டும். அவர் நேரத்தோடு போய்த் தூங்கியவர்.