சம்பளம் வாங்கும் மகள் குடும்பத்தில் இல்லையா?

2016 நவம்பரில் ஜே.பி.மார்கன் வங்கி, அமெரிக்க அரசு அமைப்புகளுக்கு ஏறத்தாழ 26.4 கோடி டாலர் கட்டி ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. அந்த வழக்கில் பணப்பெட்டி கைமாறவில்லை. கைமாறியது வேலை. சீனாவிலும் ஆசியாவின் பிற பகுதிகளிலும் அரசு அதிகாரிகள் சிபாரிசு செய்த பிள்ளைகள், உறவினர்கள், வேண்டியவர்கள் என்று ஏழு ஆண்டுகளில் சுமார் 100 பேரை வங்கி சேர்த்துக்கொண்டது. 'மகன்கள், மகள்கள் திட்டம்' என்றே அதற்குப் பெயர். எந்த நியமனத்தால் எவ்வளவு வருமானம் என்று அட்டவணை போட்டுக் கணக்கு வைத்திருந்தார்கள். முதலீட்டு வங்கியாளருக்குரிய சம்பளம் வாங்கிய பலர் பார்த்தது பிழைதிருத்தும் வேலை. 1977-ஆம் ஆண்டின் அமெரிக்க லஞ்சத் தடைச் சட்டம் 'பணம்' என்பதோடு நிற்காமல் 'மதிப்புள்ள எதையும்' என்று சொன்னதால்தான் அந்த வழக்கே சாத்தியமானது.

நம்மிடம் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள், 1964 இருக்கின்றன. அரசு ஊழியர் தன் செல்வாக்கைப் பயன்படுத்திக் குடும்பத்தாருக்கு நிறுவனங்களில் வேலை வாங்கித் தரக் கூடாது; குடும்பத்தார் வேலை பார்க்கும் நிறுவனத்தின் கோப்பைத் தானே முடிக்காமல் மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்கிறது நான்காம் விதி. நல்ல விதிதான். ஆனால் 'குடும்பம்' யார் என்று இரண்டாம் விதியைப் புரட்டினால், மகனும் மகளும் அதிகாரியை முழுக்கச் சார்ந்திருந்தால் மட்டுமே அதில் சேர்த்தி.

முதல் சம்பளம் வாங்கிய பிறகு எந்தப் பிள்ளை முழுக்கச் சார்ந்திருக்கும்? எந்த வேலையைக் கண்காணிக்க விதி எழுதப்பட்டதோ, அந்த வேலையே பிள்ளையை விதிக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அரசோடு அலுவல் தொடர்புள்ள நிறுவனத்தில் மகனோ மகளோ சேர, 'ஏ' பிரிவு அதிகாரி முன் அனுமதி பெற வேண்டும் என்பது உண்மை. அது சேரும் நாளுக்கான காவல். மூன்று வருடம் கழித்து அந்த நிறுவனத்தின் டெண்டர் அப்பாவின் மேசைக்கு வரும் நாளுக்கு அது உதவாது.

அந்த மேசையைப் பாருங்கள். மூன்று ஒப்பந்தப்புள்ளிகள். ஒன்றின் உறையில் இருக்கும் பெயர், காலையில் மகள் கழுத்தில் மாட்டிக்கொண்டு போன அடையாள அட்டையிலும் இருக்கிறது. அப்பா அப்பழுக்கில்லாதவராகவே இருக்கட்டும். அந்த உறையை அவர் தேர்ந்தெடுத்தால், தோற்ற இருவரும் அவரை நம்புவார்களா? ஒதுக்கினால், மகளின் வேலைக்கு என்ன ஆகும் என்ற கவலை அவரை விடுமா? அவரை அந்த இக்கட்டில் நிறுத்தியதே தவறு.

தகுதியால் தேர்வான பெண்ணை வேலையை விடச் சொல்வது அநியாயம். வளர்ந்த பிள்ளைக்குத் தன் பிழைப்பைத் தேடிக்கொள்ள முழு உரிமை உண்டு. கட்டுப்பாடு அதிகாரிக்குத்தான் வேண்டும்: பிள்ளை, மருமகன், மருமகள், உடன்பிறந்தார் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று அவர் எழுதிக் கொடுக்கட்டும், அந்த நிறுவனத்தின் கோப்பு வேறு மேசைக்குப் போகட்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. நான்காம் விதியைப் பொறுத்தவரை சம்பாதிக்கும் பிள்ளையும் குடும்பமே என்று ஒரு வரி விளக்கம் போதும். மத்தியப் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை அந்த ஒரு வரியை எழுத வேண்டும்.